ஃபெசன்ட் வால் இறகும் செப்புக் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம். டிரவுட் மீனைப் பிடிப்பதற்காக, பறவை இறகையும் விலங்கின் முடியையும் தூண்டில் முள்ளில் சுற்றி, மேஃப்ளை என்னும் சிறு பூச்சியின் உருவைச் செய்யும் கைவேலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தென்னிங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து ஊறிவரும் டெஸ்ட், இட்சென், ஏவன் ஆகிய ஆறுகளின் கரையில் இக்கலை பெரிதும் வளர்ந்தது. அந்த ஆறுகளில் நீர் அடிமணல் தெரியுமளவுக்குத் தெளிவாக ஓடும். ஆகவே அங்குள்ள மீன், தன்னை நோக்கி வரும் இரையை நன்றாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

மேஃப்ளையின் வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்கடியிலேயே கழிகிறது. பெரிய இனமொன்றில் அது இரண்டு ஆண்டு வரைகூட நீளும். பிறகு இளம்பூச்சி நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, தோலுரித்து, மங்கிய நிறச் சிறகுகளுடன் வெளிப்படுகிறது. கரையோரச் செடியில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை தோலுரித்த பின்னரே அதன் சிறகுகள் கண்ணாடிபோல் ஆகின்றன. சிறகு முளைத்த பின்னும் தோலுரிப்பது இன்றுள்ள பூச்சிகளில் மேஃப்ளை இனங்களுக்கு மட்டுமே உரிய இயல்பு. இந்த நிலைகள் ஒவ்வொன்றையும் டிரவுட் தின்னும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரு கட்ட வேண்டியிருக்கிறது.

இளம்பூச்சிக்கு நான் மிக உயர்வாக மதிக்கும் உரு, வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராகப் பணியாற்றிய ஃபிராங்க் சாயர் வடித்தது. அதற்கு வேண்டியவை இரண்டே பொருள்கள்: ஆண் ஃபெசன்ட் பறவையின் வாலிறகிலிருந்து எடுத்த நான்கு செந்தவிட்டு இழைகளும், தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியும். நூலே வேண்டாம். முதலில் கம்பியை முள்ளின் மேல் சீராகச் சுற்றி, நெஞ்சுப் பகுதியில் மட்டும் சற்றுப் புடைக்க வைக்க வேண்டும். இழைகளின் நுனிகளை வாலாக நீட்டி வைத்துக் கட்டி, மீதி இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னோக்கிச் சுற்றி, நெஞ்சின் மேல் முன்னும் பின்னுமாக மடித்தால் சிறகுறை, அதாவது வெளிவராத சிறகுகளை மூடியிருக்கும் உறை, அமைந்துவிடும். கம்பியே கட்டும் நூலாகவும், உருவை ஆழத்துக்கு இறக்கும் எடையாகவும், இழைகளினூடே மின்னி உடலின் வளையங்களைக் காட்டும் கோடாகவும் பயன்படுகிறது.

இந்த உருவுக்குக் கால்கள் கிடையாது. நீந்தும் இளம்பூச்சி கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதை ஆற்றோரத்தில் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருந்த மனிதர் அவர்; கண்டதைக் கட்டினார், காணாததை விட்டுவிட்டார். செயற்கை இழைகள் பளிச்சென்ற நிறத்தில் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆயினும் ஃபெசன்ட் இழையின் பக்கங்களில் இருக்கும் நுண்ணிய மயிர்களில் ஒளி படும்போது தோன்றும் உயிர்த்தன்மையை அவற்றில் நான் கண்டதில்லை.

நீரின் மேல் மிதக்கும் பருவத்துக்கு வேறு இறகு வேண்டும். பூச்சி ஆறு கால்களால் நீர்த்தோலை மெல்ல அழுத்தி நிற்கும்போது உண்டாகும் சிறு குழிவுகளைத்தான் கீழிருந்து வரும் மீன் முதலில் காண்கிறது. சேவலின் கழுத்திறகை முள்ளின் குறுக்கே சுற்றினால், விறைத்த இழைநுனிகள் அதே குழிவுகளை உண்டாக்கும். தொடக்கத்தில் நான் பெட்டைக்கோழியின் இறகை எடுத்துச் சுற்றினேன்; அது நீரை உறிஞ்சி, மூன்றாம் வீச்சிலேயே மூழ்கிப்போயிற்று. மென்மையான இறகு நீருக்கடியில் அசைவதற்கும், விறைப்பானது மேலே நிற்பதற்கும் உரியவை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். உடலுக்கு மயிற்பீலியின் கண்ணருகே உள்ள இழையை எடுத்து, மயிரை நகத்தால் உரித்துவிட்டுச் சுற்றினால், கருமையும் வெளிறலும் மாறிமாறி வளையங்களாகத் தெரியும். அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலையாறுகளில் தியோடர் கோர்டன் கட்டிய புகழ்பெற்ற உருவின் உடலும் இதுவே. சால்மன் மீனைப் பிடிக்க இங்கிலாந்தில் கட்டிய பழைய உருக்களில் மின்னும் மஞ்சள் புள்ளிகளோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுச்சேவல் கழுத்திலிருந்து சென்றவை. அப்பறவை இன்று சட்டப் பாதுகாப்பில் இருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல். இந்த வேலைக்கு வளர்ப்புச் சேவலின் இறகு போதும்.

கடைசிப் பருவம் மாலையில் வருகிறது. முட்டையிட்டு ஓய்ந்த பூச்சி, சிறகுகளை இருபுறமும் விரித்து நீரோடு ஒட்டிக் கிடக்கும். அது தப்பிப் பறக்காது என்பதால் டிரவுட் அவசரமின்றி, ஓசையில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு நீண்ட வாலும், இருபக்கமாகப் பிரித்துக் கட்டிய வெளிர்நிறச் சேவலிறகும் வேண்டும். செந்தவிட்டு உடலுக்கு, காலையில் இளம்பூச்சி கட்ட எடுத்த அதே ஃபெசன்ட் வாலிலிருந்து இன்னும் சில இழைகளை உருவிக்கொள்ளலாம். இம்முறை செப்புக் கம்பி இல்லாமல்.