உப்புப் போட்ட கை

நடுவர் அய்யா அவர்களுக்கும், சேகர குருவானவருக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பந்தலில் இடம் போதாமல் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற என் சனங்களுக்கும் ஸ்தோத்திரம்.

“கிறிஸ்தவ வாழ்வைத் தாங்கி நிற்பது பிறப்போடு வந்த தாலந்தா, ஆவியானவர் அருளும் வரமா?” இதுதான் தலைப்பு. நான் தாலந்து அணி. ஒரு தாள் நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தம்பி நன்றாகப் பேசினார், மறுக்கவில்லை. புறா, அக்கினி நாவு, பலத்த காற்று, அபிஷேக எண்ணெய் என்று ஆவியானவருக்கு உரிய அடையாளங்களை வரிசையாகச் சொன்னார். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 12ஆம் அதிகாரத்தின் 9 வரங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். நானும் கைதட்டினேன். அப்புறம் எங்கள் அணித் தலைவி, “கோயில் பொதுப் பந்தியான அசனத்துக்குச் சமைக்கிற கையும் ஆண்டவர் கொடுத்த வரம்தானே” என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார். “ஆவி இறங்கினால் அந்நிய பாஷை வரும். குழம்புக்கு உப்பா வரும்?” என்றார். பந்தலே அதிர்ந்தது.

சரி தம்பி, உப்பைப் பற்றியே பேசுவோம். ஆனால் தூத்துக்குடிச் சீமையில் நின்றுகொண்டு உப்பைக் கேலி பேசலாமா? தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலில் முதலிடம் இந்த மண்ணுக்கு. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருடைய பள்ளிக்கூட ஃபீஸ், கல்யாணப் பட்டு எல்லாம் பாத்தியில் விளைந்ததுதான். கண் கூசுகிற வெயிலில், கால் வெடித்து, உப்பு வாரின அம்மாமார்கள் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

வேதத்தைத் திறந்து பாருங்கள். லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில், எந்தப் போஜனபலியிலும் உப்புக் குறையக் கூடாது என்று கட்டளை. எலிசா எரிகோவின் கெட்ட தண்ணீரைக் குணமாக்கியது எதை வைத்து? ஒரு புதுத் தோண்டியில் உப்புக் கொண்டுவரச் சொன்னார். ஆண்டவர் மலையில் உட்கார்ந்து தம்முடைய பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தாரே, அப்போது, “நீங்கள் பூமிக்குப் பொன்னாய் இருக்கிறீர்கள்” என்றா சொன்னார்? உப்பு என்றார். அது சாரமற்றுப்போனால் என்ன ஆகும் என்றும் கேட்டார். நம்ம ஊர் உப்பளத்துக்காரரிடம் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடாத அம்பாரம் என்ன கதி ஆகும் என்று அவர் சொல்வார்.

இப்போது ஒரு கதை. கதை இல்லை, நான் கண்ணால் பார்த்தது.

எங்கள் ஊரில் ஒரு தாத்தா இருந்தார். வாரம் ஆறு நாள் உப்பளத்தில் கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் சத்தமாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை. ஆனால் அசனம் வந்துவிட்டால் 9 அண்டா கறிக்குழம்புக்கும் அவர்தான் உப்புப் போடுவார். குருவானவர் ஜெபித்து முடிக்கும்வரை ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைக்க மாட்டார், அது அவர் வைத்துக்கொண்ட வைராக்கியம். ருசி பார்க்காமலே உப்புப் போட வேண்டும்! அண்டாவுக்கு நேராகக் குனிந்து, எழும்புகிற ஆவியை மோந்து பார்ப்பார். கல் உப்பை இரண்டு கையாலும் அள்ளுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். போடுவார். அடுத்த அண்டாவுக்குப் போய்விடுவார். எனக்கு அப்போது பத்து வயது, சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்த்தி வைத்திருந்தார்கள். “பெரியவர் மனசுக்குள்ள அளவு பார்க்காரு” என்று பக்கத்தில் இருந்த அத்தை சொன்னாள்.

தம்பி, நீங்கள் ஆவி இறங்குவதைச் சொன்னீர்கள். அங்கே ஆவி ஏறுவதை நான் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் ரூவாக் என்ற ஒரே சொல்தான் காற்றுக்கும், மூச்சுக்கும், ஆவிக்கும். நம்ம தமிழிலும் உயிர் மூச்சும் ஆவி, சட்டியில் எழும்புவதும் ஆவி, தேவனும் ஆவி. சொல்லே பிரித்து வைக்காததை நாம் ஏன் இரண்டு அணியாகப் பிரிக்கிறோம்?

கதை இன்னும் முடியவில்லை. ஒரு வருஷம் வெளியூரில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் தராசோடு வந்தார். “தாத்தா, இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம்னு கணக்கு இருக்கு” என்றார். தாத்தா மறுக்கவில்லை, “ஒரு அண்டா நீ போடுய்யா” என்று விட்டுக்கொடுத்தார். மற்ற எட்டிலும் அவர் கை. பந்தி தொடங்கியது. தராசு அண்டா போன வரிசையில் மட்டும், “ஏ, இங்க உப்புக் கொண்டா!” என்று குரல். தாத்தா சிரிக்கவில்லை. அவரே உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் போனார்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். யாத்திராகமம் 31. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று யாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது? பெசலெயேலை. அவர் பிரசங்கியா? பொன், வெள்ளி, வெண்கல வேலை செய்கிறவர். கல் பதிக்கிறவர், மரம் செதுக்குகிறவர். பட்டறையில் நிற்கிற கைக்கு ஆவியானவர் வந்தார் என்றால், அடுப்படியில் நிற்கிற கைக்கு வரமாட்டாரா? ரோமர் 12இல் பவுல் ஒரு வரப் பட்டியல் தருகிறார். தீர்க்கதரிசனத்தில் ஆரம்பிக்கிறது, சரி. அதே பட்டியலில் பகிர்ந்துகொடுப்பதும் இருக்கிறது, இரக்கம் செய்வதும் இருக்கிறது.

மோசேயிடம் ஆண்டவர், “உன் கையிலிருக்கிறது என்ன” என்று கேட்டார். ஆடு மேய்க்கிற கோல். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, அதற்குப் பேர் ‘தேவனுடைய கோல்’. வானத்திலிருந்து புதுக் கோல் இறங்கவில்லை. தாலந்து என்ற சொல்லும் அப்படித்தான். கிரேக்கத்தில் அது ஒரு எடை. 6,000 வெள்ளிக் காசு பெறும், அதாவது ஒரு கூலிக்காரர் ஏறக்குறைய 20 வருஷம் உழைத்தால் கிடைக்கிற பணம். ஆண்டவர் சொன்ன உவமையில், எஜமானிடம் ஒரே ஒரு தாலந்து வாங்கினவனும் ஏழை இல்லை. அவன் புதைத்தான், அதுதான் குற்றம்.

நம்ம திருநெல்வேலிச் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அதற்கு முன்பே தமிழில் ஊறினவர், கம்பனில் ஊறினவர். ஞானஸ்நானத் தண்ணீர் அந்தத் தமிழைக் கழுவிக்கொண்டு போகவில்லை. அதே தமிழால்தான் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடினார்.

மணி அடித்துவிட்டீர்கள் அய்யா, தெரிகிறது. இரண்டே நிமிஷம்.

யோப்பாவில் தபீத்தாள் செத்துப்போனாள். புதிய ஏற்பாட்டில் ‘சீஷி’ என்று பேர் வாங்கின ஒரே பெண். பேதுரு மேல்வீட்டறைக்கு வந்தபோது விதவைகள் சுற்றி நின்று அழுதார்கள். அவள் என்ன பேசினாள், என்ன தரிசனம் கண்டாள் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அவள் தைத்துக் கொடுத்த சட்டைகளை எடுத்துக் காட்டினார்கள். அந்தத் துணியில் இருந்தது அவளுடைய விரல்.

எங்கள் தாத்தா போன வைகாசியில் போய்விட்டார். அதற்கு ஒரு மாசம் முன்னால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பது வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். “உப்பைக் கையில வச்சிக்கிட்டு கண்ண மூடுவீங்களே, என்ன கணக்கு தாத்தா?”

“கணக்கா? கணக்கு கைக்குத் தெரியும் பிள்ளை. ரத்தக்கொதிப்புக்காரன் வருவான், பிள்ளைத்தாச்சி வருவா, நேத்துலருந்து சாப்பிடாதவன் வருவான். ஆண்டவரே, இது யாருக்கும் தீங்கு செய்யக் கூடாதுன்னு கேப்பேன். அவ்வளவுதான்.”

சத்தமாக ஜெபிக்கத் தெரியாதவர் என்று எங்கள் ஊரே சொன்ன மனுஷன். 9 அண்டா, 9 ஜெபம்.

நாளை அதிகாலை மூன்று மணிக்கு, இந்தப் பந்தலுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிற அண்டாக்களில் உப்புப் போடப்போவது அவருடைய பேரன். சாயங்காலம் என்னிடம் வந்தான். “சித்தி, எனக்கும் கைக்கணக்கு வருது. ஆனா தாத்தா மாதிரி கண்ண மூடி எவ்வளவு நேரம் நிக்கணும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எதிரணித் தம்பி, மூன்று மணிக்கு நீங்களும் வாருங்கள். அவன் பக்கத்தில் நில்லுங்கள். அவன் உப்பை அள்ளும்போது நீங்கள் ஜெபம் பண்ணுங்கள்.