தகரக் கூரையில் மழை

வணக்கம் நேயர்களே.

1930களில் ஹாலிவுட்டில் ஒரு சின்ன பார். வாடிக்கையாளர் ஒருவர் கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்திருக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்துக் கூரைத் தகரத்தில் சடசடவென்று மழை இறங்குகிறது. 'சரி, மழை விடட்டும்' என்று மறுபடி உட்கார்ந்து இன்னொன்று சொல்கிறார். வெளியே வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கடைக்காரர் தோட்டத்துக் குழாயைக் கூரைமேல் திருப்பிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரரின் பெயர் எர்னஸ்ட் கான்ட். பிற்பாடு சட்டப்படியே டான் பீச் என்று பெயரை மாற்றிக்கொண்டார். இளவயதில் தென்கடல் தீவுகளைச் சுற்றியவர். மூங்கில், ஓலை, மீன் வலை, மரச் சிற்பம் என்று அங்கே பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து ஒரு அறைக்குள் தீவு ஒன்றை உண்டாக்கினார். உலகம் முழுக்க இன்று 'டீக்கி பார்' என்று சொல்கிறார்களே, அதற்கு வித்து அந்த அறைதான்.

நான் பல வருடம் ஓட்டல் பார்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவன். எந்த ஊர் பாருக்குப் போனாலும் என் கண் முதலில் ஊற்றுகிற கையைத்தான் தேடும். இந்தக் கதையிலும் எனக்கு அந்தக் கைகள்தான் முக்கியம். அதற்கு வருகிறேன்.

முதலில் ரம். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது 1933 டிசம்பரில். நல்ல விஸ்கி பீப்பாயில் ஊறி வர வருடக்கணக்காகும். கரீபியன் தீவுகளிலோ பழைய ரம் மலிவாகக் கிடைத்தது. டான் பீச் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே கிளாஸில் இரண்டு மூன்று வகை ரம்மைக் கலந்து, எலுமிச்சையும் பட்டையும் சேர்த்தார். 'சோம்பி' என்று ஒரு பானம் செய்தார். வேகம் அதிகம் என்பதால் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பது கடைச் சட்டம்.

ஆனால் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற பாலினீசிய முக்கோணத்தில் ரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை அங்கே யாரும் சாராயம் காய்ச்சியதில்லை. ஹவாய், டோங்கா, சமோவா மக்களின் பானம் காவா. நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவான ஒரு செடி. அதன் வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து, கொட்டாங்கச்சியில் வாங்கி, தரையில் உட்கார்ந்து சபையாகக் குடிப்பார்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும். பக்கத்திலிருக்கும் ஃபிஜியிலும் இதே வழக்கம்தான். 1903 முதல் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். டீக்கி பார்களின் பட்டியலில் காவாவைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது.

சாப்பாடும் அப்படித்தான். தீவுச் சாப்பாடு என்று வைத்தது பெரும்பாலும் சீனச் சமையல். 'நண்டு ரங்கூன்' என்று ஒன்று உண்டு: மாவுத் தாளில் நண்டும் க்ரீம் சீஸும் வைத்து மடித்துப் பொரிப்பது. ரங்கூனில் கடை வைத்திருந்த நம் தாத்தாக்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவர் விக்டர் பெர்ஜரான். காசநோயால் சிறுவயதிலேயே ஒரு காலை இழந்தவர். 1934ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை போட்டு, சில வருடத்தில் அதை 'டிரேடர் விக்ஸ்' ஆக்கினார். 1944ல் அவர் கலந்ததுதான் 'மாய் தாய்'. 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம் 60 மில்லி, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, ஆரஞ்சு மணமுள்ள குராசோ மது கொஞ்சம், பாதாம் பாகு கொஞ்சம், சர்க்கரைப் பாகு கொஞ்சம். நொறுக்கிய ஐஸோடு குலுக்கி ஊற்றுவார்கள். பிழிந்த எலுமிச்சை மூடியை மேலே கவிழ்த்துப் போட்டு, அருகில் புதினாக் கொத்து ஒன்றைச் செருகினால், குட்டித் தீவில் ஒரு தென்னை நிற்பது போலத் தெரியும். உதட்டுக்குக் கொண்டுபோகும்போதே புதினா மூக்கில் இடிக்க வேண்டும். அதற்காகத்தான் அதை அந்த இடத்தில் வைப்பது. குடித்துப் பார்த்த தஹீத்தித் தீவு நண்பர்கள் 'மாய்தாய்' என்றார்களாம், நன்றாக இருக்கிறது என்று. ஹவாயில் பிறகு அன்னாசிச் சாறு சேர்ந்தது; இன்று பல ஊர்களில் கிடைப்பது அந்தக் கலவைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்னாசி வந்தால் ரம்மின் குரல் அமுங்கிவிடும்.

போர் முடிந்து பசிபிக்கிலிருந்து சிப்பாய்கள் திரும்பினார்கள். 1959ல் ஹவாய் அமெரிக்க மாநிலமானது. இந்த பார்கள் ஊர் ஊராகப் பரவின. 1963ல் லண்டனுக்கு ஒரு டிரேடர் விக்ஸ் போனது, 1971ல் மியூனிக்குக்கு ஒன்று. சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஓட்டலில் பழைய நீச்சல் குளத்தையே கடற்கழியாக மாற்றி 1945ல் 'டோங்கா ரூம்' திறந்தார்கள். பாட்டுக்குழு படகில் மிதந்து வரும், நடுநடுவே இடி இடித்துக் குளத்தில் மழை பெய்யும். டான் பீச்சின் குழாய்த் தண்ணீர் அங்கே எந்திர மழையாகிவிட்டது. ஃபுளோரிடாவின் 'மாய் கய்' 1956ல் தொடங்கியது. அங்கே நடன நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாக அமைத்துவருபவர் தஹீத்தியில் பிறந்த மிரே தார்ன்டன். தீவுக்காரர் ஒருவரின் கை பட்ட அபூர்வமான இடம் அது. 2020ல் மழையில் கூரை இடிந்து மூடியது. 2024ல் மறுபடி திறந்தார்கள்.

இனி மனதை உறுத்துகிற விஷயம். டீக்கி என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபில் முதல் மனிதனின் பெயர். டீக்கி பார்களில் நிற்கிற மரச் சிற்பங்களைப் போன்ற உருவங்கள் ஹவாயில் தெய்வங்கள். 1819ல் அங்கே பழைய சமயக் கட்டுப்பாடுகள் முறிந்தபோது கோயில் சிலைகள் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. கூ என்ற தெய்வத்தின் பெரிய கோயில் சிலைகளில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. ஒன்று ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில், மற்ற இரண்டும் லண்டனிலும் அமெரிக்காவின் சேலம் நகரத்திலும். 2010ல் மூன்றையும் ஹொனலூலுவில் ஒரே அறையில் சேர்த்து நிறுத்தினார்கள். பிரிந்துபோய் அத்தனை தலைமுறைக்குப் பிறகு! அப்படிப்பட்ட முகத்தைத்தான் டீக்கி பார்களில் பீங்கான் குவளையாக வார்த்து, தலையில் உறிஞ்சுகுழல் செருகி விற்கிறார்கள். ஹவாய் மக்களில் பலர் இது வலிக்கிறது என்று சொல்கிறார்கள். அந்தக் குவளையில் நானும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்திருந்தால் சாதாரணக் கிளாஸில் கொடுத்திருப்பேன். பானத்தின் ருசி அணுவளவும் குறையாது.

அப்புறம், நான் சொன்ன அந்தக் கைகள். டான் பீச்சின் கடையில் கலந்துகொடுத்தவர்கள் பெரும்பாலும் பிலிப்பினோக்கள். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி வந்த இளைஞர்கள். பக்குவம் வெளியே போகக்கூடாது என்று டான் பீச் பாட்டில்களில் பெயர் எழுதவில்லை. 'மசாலா 2', 'மசாலா 4', 'டான் கலவை' என்றுதான் இருக்கும். 1937ல் அங்கே வேலை பார்த்த டிக் சான்டியாகோ சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவர் மகள் அதை ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். உள்ளே சோம்பியின் பக்குவம் இருந்தது, ஆனால் 'டான் கலவை' என்றால் என்ன என்று இல்லை. பழைய பணியாளர்களைத் தேடித் தேடிக் கேட்டபோதுதான் விடை வந்தது: பம்ப்ளிமாஸ் மாதிரியான கிரேப்ஃப்ரூட்டின் சாறு இரண்டு பங்கு, பட்டைப் பாகு ஒரு பங்கு. முதலாளியோடு மறைந்திருக்க வேண்டிய ருசியைக் காப்பாற்றி வைத்திருந்தது தொழிலாளியின் சட்டைப் பை.

அவர்களில் ஒருவர் ரே புஹென். தொடக்க நாளிலேயே டான் பீச்சிடம் சேர்ந்து, பிறகு எத்தனையோ கடைகளில் மற்றவர்களுக்காக ஊற்றியவர். 1961ல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பூல்வார்டில் தனக்கென்று ஒரு பார் திறந்தார். பெயர் 'டீக்கி டீ'. கவுண்டரில் பன்னிரண்டு ஸ்டூல் போட்டால் நிறைந்துவிடும். சமையலறை இல்லை, அருவி இல்லை, படகு இல்லை. அவருக்குப் பிறகு மகன் நின்றார், பேரன்கள் நின்றார்கள். கவுண்டருக்குப் பின்னால் இன்றும் அந்தக் குடும்பத்தின் கைகள்தான்.

நன்றி, வணக்கம்.