அப்பாவைச் சின்னப் பையனாக வரைந்த மகள்

[திரை: ஆரஞ்சும் பழுப்பும் கலந்த ஒற்றை நிறத்தில் தீட்டிய பக்கங்கள்]

வணக்கம். நியூயார்க்கில் ஒரு பிரசவ அறை. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. துணைக்கென்றே விமானம் ஏறி வந்த அம்மா, வேண்டிய நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறார். பெற்ற தாய் இப்படிச் செய்வாரா என்று எனக்குக் கோபமே வந்தது.

அந்த மகள்தான் வியட்நாமில் பிறந்த அமெரிக்க ஓவியர் தி புய். அவர் எழுதி வரைந்த 'தி பெஸ்ட் வி குட் டூ' இங்கேதான் தொடங்குகிறது. 2017இல் வந்த சித்திர நினைவுநூல். வியட்நாம் போரைப் பற்றிய புத்தகம் என்று சொல்வார்கள். போர் இருக்கிறது, சரி. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதுதான் புய்க்குத் தெரிய வேண்டியிருந்தது. படிக்கிற காலத்தில் குடும்பத்தாரிடம் வாய்மொழி வரலாறாகக் கேட்டு எழுதத் தொடங்கியவர், எழுத்து மட்டும் போதாமல் காமிக்ஸ் வரையக் கற்றுக்கொண்டார்.

[திரை: கடலில் ஒரு சிறிய படகு]

புய் பிறந்தது 1975இல், தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன் வடக்குப் படையிடம் வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்பு. 1978இல் குடும்பம் படகில் தப்பியது. அம்மா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மலேசியாவின் பூலாவ் பிடோங் தீவு அகதி முகாமில் தம்பி பிறந்தான். அப்புறம் அமெரிக்கா.

சான் டியேகோவில் அம்மா வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அப்பா. வீடு முழுக்க சிகரெட் புகை. பிள்ளைகளிடம் பேய்க்கதை சொல்வார். எந்த நேரமும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்பதுபோல ஒரு கலக்கம் அவரிடம். அப்பா என்றாலே பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

வளர்ந்த பிறகு மகள் அதே அப்பாவை உட்காரவைத்துக் கேட்கிறார். வடக்கு வியட்நாமில் ஒரு கிராமம். பஞ்சம் வந்துபோன ஊர். பிரெஞ்சுப் படை நுழைகிறது. பூமிக்கடியில், இருட்டில், மூச்சை அடக்கிப் பதுங்கியிருக்கிறான் ஒரு சிறுவன். அவன்தான் அப்பா.

[திரை: இருட்டுக்குள் சிறுவனின் முகம்]

அந்த முகத்தை புய் வரைகிறார். கேட்டு எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். வரைவதென்றால் அந்தக் கண்ணையும் வாயையும் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும். தன்னைப் பயமுறுத்திய மனிதரோடு அவ்வளவு நேரம் உட்கார வேண்டும். தனக்கிருந்த பயம் அப்பாவுடைய பயத்தின் நிழல் என்று அவர் கண்டுகொள்வது இங்கேதான். இதனால் அப்பா நல்லவராகிவிடவில்லை. புய் அப்படி மழுப்பவும் இல்லை. எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணமே அந்த நேர்மைதான்.

அம்மாவின் கதை வேறு மாதிரி. பிரசவங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார் புய். தம்பி, பிறகு மூத்தவர்கள் என்று. மொத்தம் 6 பிரசவம். இருப்பது 4 பேர். ஒரு குழந்தை உயிரில்லாமலே பிறந்தது. தலைப்பிள்ளை, ஒரு மகள், கைக்குழந்தையிலேயே போய்விட்டாள்.

[திரை: மருத்துவமனை நடைபாதை]

அதைப் படித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். அதே அறை, அதே அம்மா, அதேபோல எழுந்து வெளியே போகிறார். இந்த முறை எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.