மன உறுதியா, ஏற்பாடா? – ஏற்பாடே!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, நோம்பிக்கு வந்திருக்கற ஒறம்பரைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஊட்டுல இருந்தே தனியாத் தொழில் பண்றவங்களைத் தளராம ஓட வைக்கறது மன உறுதியா, இல்லை நேரம், எடம், காசுன்னு முன்னாடியே பண்ணி வெக்கற ஏற்பாடா? இதுதான் கேள்வி. எனக்கு முன்னால பேசுனவரு, "வைராக்கியம் இருந்தாப் போதும், விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிச்சா எதையும் சாதிக்கலாம்"னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போனாரு. ஏனுங்க, 4 மணிக்கு எந்திரிச்சு அங்க யாருங்க இருக்கறாங்க? நமக்கு வேலை குடுக்கற நியூயார்க் பார்ட்டி காலையில 9 மணிக்கு ஆபீஸ் வந்தா, நமக்குச் சாயங்காலம் 6.30. அவங்க குளிர்காலத்துல 7.30. ராத்திரி 11 வரைக்கும் போன்ல பேசிட்டு 4 மணிக்கும் எந்திரிக்கறவரு மூணாவது வாரம் படுத்துக்குவாரு. அப்புறம் "எனக்கு மன உறுதி பத்தலை"ன்னு வெசனப்படுவாரு. பத்தாதது தூக்கமுங்க! காலையில 11-க்குத் தொடங்கி, மத்தியானம் ஓய்வெடுத்து, பேச்சுவார்த்தையெல்லாம் 6.30-ல இருந்து 9-க்குள்ள முடிச்சுக்கறவரு வருசக்கணக்கா ஓடுவாரு.

இந்த ஊட்டு வேலை என்னமோ கொரோனாவோட வந்ததாட்டம் பேசறாங்க. சென்னிமலையிலயும் பவானியிலயும் தறி ஊட்டுக்குள்ளதானுங்க கெடக்குது. தறியில பாவு நூல் ஏத்தியிருந்தா, வர்ற ஒறம்பரைக்கே தெரியும், ஆளு சோலியா இருக்கறாருன்னு. குழித்தறி மேல யாரும் காய்ப்பையைக் கொண்டாந்து வெக்கறதில்லை. லேப்டாப்புக்கு அந்த மரியாதை கெடைக்காது. கட்டல்ல சாஞ்சுட்டுத் தட்டிட்டு இருந்தா, "சும்மாதானே இருக்கற, மாவு மில்லுக்குப் போயிட்டு வா கண்ணு"ன்னு அம்மா சொல்லத்தான் செய்வாங்க. அவங்க மேல தப்பில்லை. டிவி இல்லாத பக்கமாச் சுவத்தைப் பாத்து ஒரு மேசை, அதுல வேற எதுவும் வெக்கக்கூடாது. எந்த நேரம் கூப்பிடலாம், எந்த நேரம் கூடாதுன்னு காலண்டர்லயே எழுதிப் போட்டுருங்க. சீருக்கும் கண்ணாலத்துக்கும் போகாம இருக்க முடியாது. முகூர்த்த நாளை முன்னாடியே குறிச்சு, அன்னிக்கு வேலை முடியற தேதி வராம ஒப்புக்கோணும்.

தறிக்காரருக்கு அடுத்த இழை எங்கன்னு தெரியும். நமக்குக் காலையில உக்காந்ததும் எதைத் தொடறதுன்னே தெரியாது. போனை எடுக்கறது அந்த எடத்துலதான். அதனால ராத்திரி மூடும்போதே நாளைக்கு மொதல்ல செய்யற பத்து நிமிச வேலையை ஒரு வரி எழுதி வெக்கோணும். "லோகோ வேலை"ன்னு எழுதுனா உதவாது. "ரெண்டாவது லோகோவுல எழுத்தைச் சிறுசாக்கி மூணு நெறத்துல போட்டுப் பாக்கோணும்"னு எழுதோணும்.

இப்பக் காசுக்கு வர்றனுங்க. மனசு விட்டுப்போறதுக்குப் பெரிய காரணம் இங்கதான் ஒளிஞ்சிருக்குது. மாசம் 40,000 வேணும், 22 நாள், தெனம் 8 மணி நேரம்னு கணக்குப் போட்டு, 176-ல வகுத்து மணிக்கு 227 ரூபாய்னு விலை சொல்றாரு ஒருத்தரு. ஆனா மெயில், போன், விலைப்பட்டியல்னு போக, பில் போட முடியறது தெனம் 5 மணி நேரம் இருந்தாப் பெருசு. மாசம் 110 மணி நேரம். கைக்கு வர்றது 25,000-ந்தான். முதுகு ஒடிய உக்காந்தும் பத்தலைன்னதும் "நான் சோம்பேறி"ங்கறாரு! 40,000-ஐ 110-ல வகுத்தா 364. வரி, நெட், வேலையில்லாத வாரம் எல்லாஞ் சேத்தா 500-க்குக் கீழ இறங்கவே கூடாது.

வாங்கற விதமும் இருக்குதுங்க. பாதி அட்வான்ஸ், மாதிரி காட்டுனதும் 30 சதவீதம், கடைசிக் கோப்பு குடுக்கறதுக்கு முன்னால மீதி 20. திருத்தம் ரெண்டு தடவைதான், மூணாவதுக்குத் தனி ரேட்டுன்னு மொதல்லயே எழுத்துல வேணும். உத்யம்னு மத்திய அரசோட சிறு தொழில் பதிவு இருக்குது, இலவசமுங்க, பண்ணி வெச்சுக்கங்க. 2006-ஆம் வருசத்துச் சிறு தொழில் சட்டப்படி, உள்நாட்டுப் பார்ட்டி ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லீன்னா 15 நாள்ல காசு குடுத்தாகோணும். தாண்டுனா ரிசர்வ் வங்கி அறிவிக்கற 'பேங்க் ரேட்'ங்கற வட்டி வீதத்துல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி.

கரண்டையும் சொல்லிடறேன். மாசப் பராமரிப்புக்குக் காலையில 9-ல இருந்து 4 வரைக்கும் நிறுத்தறது மொதநாள் பேப்பர்லயே வந்துருது. லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, விளக்கு 15, ஃபேன் 75. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி புதுசா இருந்தா ஏழு மணி நேரம் தாங்கும். பழசுன்னா 28 வாட் ஃபேனுக்கு மாறிக்கங்க. மிக்ஸியை மட்டும் அன்னிக்குப் போட வேண்டாமுங்க.

"வேலையே இல்லாத மாசத்துல உங்க ஏற்பாடு என்ன பண்ணும்?"னு எதிரணிக்காரரு கேட்டாரு. நல்ல கேள்வி. கை நெறைய வேலை இருக்கற வாரத்துலயே வெள்ளிக்கிழமை ரெண்டு மணி நேரம் புதுப் பார்ட்டி தேடறதுக்குன்னு ஒதுக்கோணும். விசாரிச்சு, மாதிரி கேட்டு, விலை பேசி, அட்வான்ஸ் வர்றதுக்கு மாசக்கணக்காகும். இருக்கற வேலை தீந்த பொறகு தேடுனா, நடுவுல காஞ்சுதான் கெடக்கோணும். அந்த மாசத்து ஈபி பில்லை வைராக்கியத்தை வெச்சுக் கட்ட முடியுமான்னு அவரே வந்து சொல்லட்டுங்க. மணி அடிச்சுட்டாங்க, நான் உக்காந்துக்கறேன்.