தேடும் பெட்டியில் தமிழ்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய தொழில்நுட்பம் பொது நூலக வாசகருக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயன்படுகிறதுதான். ஆனால் கொழும்பில் தமிழ் வாசிப்பவருக்கு அது அரைவாசிதான் வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் கட்சி.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எந்த இயந்திரம் நூலகத்துக்குள் வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: யாருடைய நேரம் மிச்சம்? இரவல் மேசைக்கு பார்கோட் வந்தது, வரிசை குறைந்தது. சரி, நல்லது. அதில் மேலே பேச ஒன்றுமில்லை.

வில்லங்கம், நூலைத் தேடும் கணினியில்தான். நம் ஊரில் வெகுகாலம் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் தட்டினோம். அதில் கணினிக்குள் போவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, ஓர் அரைப்புள்ளி, திரும்பவும் கே, எச் என்றுதான் கிடக்கும். இன்று கைத்தொலைபேசியில் தட்டுவது ஒருங்குறி, அதாவது யூனிகோட்; அதில் தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உண்டு. பாமினியில் பதிந்த தலைப்பை அதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? புத்தகம் அலுமாரியில் இருக்கும், திரை இல்லை என்று சொல்லும்.

இன்னும் சில இடங்களில் தமிழ் நூலின் பெயரையே ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். சண்முகநாதன் என்ற ஆசிரியரைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எஸ் மட்டும் போடுவதா, கூடவே எச்சும் போடுவதா? நடுவில் ஜியா, கேயா? பதிந்தவர் எப்படி நினைத்தாரோ அப்படியே தேடுபவரும் நினைக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இரண்டு தரம் தட்டிப் பார்க்கும், அப்புறம் எழும்பிப் போய்விடும்.

நூல் விவரம் எழுதிய அட்டைகளை அடுக்கி வைத்திருந்த பழைய பெட்டிகளை அவசரப்பட்டுத் தூக்கி எறிந்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நேரம் அந்த அட்டைகள் வேலை செய்திருக்கும்.

காசு இல்லை என்பார்கள். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. நியூசிலாந்தின் சிறிய ஊர் நூலகங்களுக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு பாவனைக்கு வந்த ‘கோஹா’ என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருங்குறித் தமிழையும் ஏற்கும். செலவெல்லாம், தமிழ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு பதிவாகத் திருத்துவதில்தான். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிக் காட்ட முடியாத வேலை அது. அதனால்தான் நடப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாதிரி வேலையைப் பொறுமையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பிரதி ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று அதைவிட யாரும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் இன்று பழைய பத்திரிகை, சிற்றிதழ், விழா மலர் எல்லாம் இலவசம். வெள்ளவத்தையில் அறையில் இருந்தபடியே ஒரு மாணவி தன் பாட்டனார் காலத்துச் சஞ்சிகையைப் புரட்டலாம்.

ஆனாலும் படமாக எடுத்த பக்கம் படம்தான். பார்வையற்ற ஒருவருக்கு எழுத்தை வாசித்துச் சொல்லும் கணினி அதைத் திறந்தால் வாசிக்க அதற்கு எழுத்து எதுவும் கிடைக்காது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தமிழுக்கும் வந்துவிட்டது. பழைய மங்கலான அச்சில் தடுமாறும், பிறகு ஒருவர் இருந்து பிழை பார்க்க வேண்டும். திரும்பவும் அதே உட்கார்ந்து செய்கிற வேலை.

நூலகங்களை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசகர் தேடிய சொற்களை நூலக மென்பொருளில் சேமித்து வைக்க வழியுண்டு. தமிழில் தேடி ஒன்றும் கிடைக்காமல் போனவற்றை மட்டும் மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அந்தப் புத்தகங்களில் எத்தனை உங்கள் அலுமாரியிலேயே இருக்கின்றன என்று எண்ணிவிட்டு, முதலில் அந்தப் பதிவுகளைத் திருத்துங்கள்.

நன்றி, வணக்கம்.