அடங்க மறுக்கும் காந்தம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், வேகம் குறையும்போது அது தலையை ஆட்டி ஆட்டி வட்டமிடும். இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களின் காந்தமும் அப்படித்தான். காந்தப்புலத்திலிருந்து சற்று விலக்கிவிட்டால் நேரே திரும்பி வராது. செக்கனுக்குப் பல நூறு கோடி தடவை புலத்தைச் சுற்றி, வட்டம் சிறுத்துச் சிறுத்து அடங்கும். பம்பரம் ஆட்டம் கூடி விழும். இது ஆட்டம் குறைந்து நிமிரும். இதுதான் காந்தத் தணிப்பு. இதை ஓர் எண்ணால் சொல்லலாம் என்று 1955இல் காட்டியவர் கில்பேட் என்ற பௌதிகவியலாளர். எண் சிறிதென்றால் ஆட்டம் நீளும்.

அந்த எண்ணை அளப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை, சற்று நின்று சொல்கிறேன். மில்லிமீற்றரை ஓர் இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு என்னவோ, அவ்வளவு மெல்லிய உலோகப் படலம். அதன்மீது நுண்ணலையைச் செலுத்தி, காந்தப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஓரிடத்தில் படலம் நுண்ணலையை நன்றாக உறிஞ்சும். வரைபில் ஒரு பள்ளம் விழும். நமக்கு வேண்டியது அந்தப் பள்ளத்தின் அகலம், தணிப்பு கூடினால் அதுவும் கூடும். ஆனால் ஒரு மீடிறனில், அதாவது செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற ஒரே கணக்கில், அளந்தால் போதாது. படலம் எங்கும் ஒரே சீராக இல்லாவிட்டாலும் பள்ளம் அகலும். பல மீடிறன்களில் அளந்து, மீடிறன் கூடக் கூட அகலம் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் தணிப்பு இருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, ஒரு புள்ளியை நம்பாதீர்கள், சாய்வைப் பாருங்கள்!

நிக்கலும் இரும்பும் சேர்ந்த பேர்மலோய்க்கு இந்த எண் ஏறத்தாழ 0.007. உலோகத்தில் ஓடித்திரியும் இலத்திரன்கள் ஆட்டத்தின் சக்தியை வாங்கிக்கொள்ளும். ஆகவே உலோகத்தில் மிகக் குறைந்த தணிப்பு கிடைக்காது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2016இல் கோபாற்று 25, இரும்பு 75 வீதம் கலந்த படலத்தில், உலோகத்துக்கே உரிய தணிப்பு 0.0005 அளவுதான் என்று காட்டினார்கள். உலோகம்தான், மின்னும் கடத்துகிறது, ஆனாலும் அவ்வளவு குறைவு. அந்தக் கலவையில், சக்தியை வாங்கக்கூடிய இலத்திரன் நிலைகள் பெர்மி மட்டத்தில், அதாவது இலத்திரன்கள் நிரம்பி நிற்கும் மேல் எல்லையில், மிகக் குறைவு. கலவை விகிதம் சற்றே மாறினாலும் எண் ஏறிவிடும். கலப்புலோகத்தின் அழகே அதுதான்.

அப்புறம், பக்கத்துப் படலமும் முக்கியம். பிளாற்றினத்தை ஒட்டினால் ஆட்டம் அதற்குள் கசிந்து தணிப்பு கூடும். காந்தப் படலம் மெல்லியதாக ஆக ஆக இன்னும் கூடும்.

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். காந்த நினைவகங்களைப் பற்றிச் சொல்ல இருந்தேன். மின்னோட்டத்தாலேயே காந்தத்தைப் புரட்டி எழுதும் வகையில், அதற்கு வேண்டிய மின்னோட்டம் தணிப்போடு சேர்ந்தே கூடும், குறையும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.