கூட்ஸ் வண்டிப் பாட்டும் அடகுப் பாட்டும்

வணக்கம் மக்களே! நீடாமங்கலம் பக்கம் ஒரு வரப்பில் நின்று பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடவு நடக்கிறது. மெஷின் இல்லை, ஆள் நடவுதான்.

இன்றைக்கு எலிசபெத் காட்டன் என்ற பாடகியைப் பற்றி. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. 1958இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’, அதாவது கூட்ஸ் வண்டி, என்று ஒரு பாட்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்துச் சிறுமியாக இருந்தபோதே கட்டியது. நான் செத்தால் ரயில் போகிற சத்தம் காதில் விழுகிற இடத்தில் புதையுங்கள் என்று கேட்கிறது அந்தப் பிள்ளை. நெல் மூட்டை ஏற்றும் கூட்ஸைப் பார்த்தே வளர்ந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் இடது கைக்காரர். சாதாரண கிட்டாரை, தந்தியை மாற்றிக் கட்டாமல், அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் மெல்லிய தந்தியில் மெட்டை எடுக்கும், மற்ற விரல்கள் கனத்த தந்தியைத் தட்டிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் செய்வதற்கு நேர்மாறு.

கல்யாணத்துக்குப் பிறகு கிட்டாரை ஏறக்குறைய மறந்தே போனார். வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, வழி தவறி நின்ற சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர். அந்தப் பழக்கத்தில் சீகர் வீட்டு வேலைக்குப் போனார். இசைக் குடும்பம், வீடெல்லாம் வாத்தியம். மறுபடி கை வைத்தார். ஆல்பத்தைப் பதிவு செய்தது பெகியின் அண்ணன் மைக்.

ஆனால் ஆல்பத்துக்கு முன்பே பாட்டு கடல் தாண்டிவிட்டது. பெகி இங்கிலாந்தில் பாட, கேட்ட இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழு, நான்சி விஸ்கியின் குரலில், பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை கொண்டுபோனது. அந்த வடிவத்தில் ரயிலில் போகிறவன் நண்பனைக் கொன்றுவிட்டுத் தூக்குக்குப் பயந்து ஓடுகிறவன்! சின்னப் பிள்ளை கட்டிய பாட்டில் கொலைகாரனை ஏற்றிவிட்டார்கள். துள்ளலாக, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. பிறகு வேண்டியவர்கள் போராடி உரிமையைக் காட்டனுக்கு மீட்டுத் தந்தார்கள். 90 வயதை ஒட்டி கிராமி விருதும் வந்தது.

வரியை மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. இதோ இந்த நடவிலேயே ஓர் அக்கா எடுத்துக்கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். வயலுக்கு வயல் வரி மாறும், மிராசுதார் பெயரும் கிண்டலுக்கு உள்ளே வரும், நடுவில் ஒரு குலவை. பாட்டு அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் நாலு பேர் ஊரில் கேட்டதைக் கொண்டுபோய்க் காசாக்கும்போது, எடுத்துக்கொடுத்தவர் பெயர் மட்டும் ஏன் வழியிலேயே இறங்கிவிடுகிறது?

காட்டனே இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார். 1967 ஆல்பத்தில் ‘ஷேக் சுகரீ’. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்கொரு வரி போட்டு வளர்த்த பாட்டு. ஆல்பத்தில் பாடுவது பிரெண்டா எவன்ஸ் என்ற 12 வயதுக் கொள்ளுப்பேத்தி, கிட்டார் மட்டும் பாட்டி. என்னிடம் இருந்ததெல்லாம் அடகுக்குப் போச்சு என்பதுதான் பல்லவி. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் தோட்டையும் சங்கிலியையும் வைத்துவிட்டு, அறுப்புக்குப் பிறகு மீட்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அது நேராக உள்ளே இறங்கும். பிள்ளைக் குரலில், எந்த அழுகையும் இல்லாமல், ஏதோ விளையாட்டுக் கணக்கு மாதிரி வரும். 2015இல் ரியானன் கிடன்ஸ் என்ற பாடகி பாடியதும் அருமை, அவரும் வட கரோலினாக்காரர்தான். இருந்தாலும் முதலில் பிரெண்டாவைக் கேளுங்கள்.

சரி, ஆட்கள் கரையேறுகிறார்கள், டீ வந்தாச்சு. அந்த அக்காவிடம் பேசிப் பார்க்கிறேன். சம்மதித்தால் அடுத்த வீடியோவில் அவர் பாட்டு, தலைப்பிலேயே அவர் பெயர்.